சம்பள உச்சவரம்பு யாருக்குக் காவல்?

ரெம்பாவ் தோட்டங்களில் பந்தாட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கருத்து தலைகாட்டுகின்றது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு வைத்துவிட்டால் சிறிய சங்கமும் பெரிய சங்கமும் சமமாகிவிடும் என்பதே அது. சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையசைத்துவிடுகின்றோம். யாருக்கு யார் சமம் என்று கேட்பதில்லை. இப்பொழுது கேட்போம்.

உச்சவரம்பு இருவகை. ஒன்று ஆளுக்கு விதிப்பது. மற்றொன்று அணியின் மொத்தச் செலவுக்கு விதிப்பது. இங்கிலாந்தில் 1901 முதல் 1961 வரை இருந்தது முதல்வகை. தொடக்கத்தில் வாரத்துக்கு 4 பவுன். முடிவில் 20 பவுன். பல்லாயிரவர் காசு கொடுத்துக் கண்ட ஆட்டத்தில், ஆடியவனுக்கு அவ்வளவே! வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர் சங்கம் எழுந்து நின்ற பிறகே அது ஒழிந்தது. தோட்டத் தமிழனுக்கு இது புதுக்கதையன்று. துரைமார் கூடி ஒரே கூலி என்று முடிவு செய்தால், எத்தோட்டத்துக்குப் போயினும் அதே கூலிதான். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது கூலியும் மானமும் கேட்டன்றோ?

இரண்டாம் வகையை நாம் முற்றும் தள்ளவில்லை. இந்திய பிரிமியர் லீக்கில் 2025-ஆம் ஆண்டுக்கு அணி ஒன்றுக்கு 120 கோடி ரூபாய் வரம்பு. லக்னோ அணி ரிஷப் பந்த் ஒருவருக்கே 27 கோடி கொடுத்தது. எஞ்சிய அனைவருக்கும் 93 கோடிதான். அவ்வணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றோர் இடத்தில் குறையும். ஆளறிந்து பகிர்வதே அணி அமைப்பது என்று இவ்வரம்பு கற்பிக்கின்றது. இது நன்றே.

ஆயினும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பாருங்கள். அங்கே மேல்வரம்போடு கீழ்வரம்பும் உண்டு. வரம்பில் 90 சதவீதத்தையேனும் அணி சம்பளமாகச் செலவிடவேண்டும். வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரருக்கு. ஒப்பந்தத்தில் அவர்தம் சங்கமும் கையொப்பமிடுகின்றது.

மலேசியாவின் நோய் வேறு. 2025-ல் கெடா அணி சம்பளப் பாக்கியினால் உயர்நிலை லீக்கில் ஆடும் உரிமத்தை இழந்தது. சம்பளமே வராதவனிடம் வரம்பு பேசுவது பசித்தவனுக்குப் பத்தியம் சொல்வதாகும். வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டதனாலன்றோ பாக்கி என்பர். உண்மை. அங்ஙனமாயின் ஒப்பந்தம் எழுதிய நிருவாகியைக் கட்டுங்கள். ஆட்டக்காலம் தொடங்குமுன் முழுச் சம்பளத்துக்கும் ஈடு கட்டச் சொல்லுங்கள். அவன் பிழைக்கு ஆடியவன் வயிற்றில் ஏன் அடிக்கவேண்டும்?

நம் லயத்துப் பிள்ளை நாளை பரோய் அரங்கில் நெகிரி செம்பிலானுக்கு ஆடலாம். ஆகவே, மேல்வரம்பு வேண்டுவோர் கீழ்வரம்பையும் ஆட்டக்காரர் சங்கத்தின் கையொப்பத்தையும் உடன் கொண்டுவரட்டும். அவையின்றி வருவது சமத்துவமன்று. பழைய துரைமார் சட்டமே.