இருதார மணமும் இல்லறக் கொடுமையும்

மூத்தாள், இளையாள், சக்களத்தி என்னுஞ் சொற்கள் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இறுதிச் சொல்லுக்கு ஆண்பாற் சொல் ஒன்று வழங்க யாம் கேட்டதில்லை. முதன் மனைவி உயிரோடிருக்க மற்றொருத்தியை மணத்தலை இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949-இல் விலக்கிற்று. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் அவ்விலக்கைப் பிற மாகாணங்களுக்கும் விரித்தது. குற்றத்திற்கு 7 ஆண்டுவரை சிறையும் உண்டு. ஆதலின் இவ்வழக்கம் ஒழிந்தது என்பாருளர்.

2019–21-இல் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், தம் கணவர்க்கு வேறு மனைவியர் உளர் என்றுரைத்த மணமான பெண்டிர் நூற்றுக்கு 1.4 பேர். இந்துக்களுள் 1.3, முஸ்லிம்களுள் 1.9, கிறிஸ்தவருள் 2.1. பிற மதத்தாரைச் சுட்டி விரல் நீட்ட எம்மனோர்க்கு வாயில்லை. அவ்வாய்வே, கணவனால் துன்புறுத்தப்பட்டோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 29.3 பேர் என்றும், தமிழ்நாட்டில் 38.1 பேர் என்றும் கூறுகின்றது. இத்தொகைகளை ஒப்பிடுவோர், அடிபடுவோருட் பெரும்பாலார்க்குச் சக்களத்தி இல்லை என்றும், ஆகவே இருதாரத்திற்கும் கொடுமைக்குமுள்ள தொடர்பு சிறிதே என்றுங் கூறக்கூடும். முன்னது மெய், பின்னது பொருந்தாது.

ஏனெனில், இளையாள் வீட்டிற்குள் அடிவைப்பதற்கு நெடுநாள் முன்னரே அவள் பேச்சு வந்துவிடுகின்றது. மகப்பேறு தாழ்த்தாலும், பெண்மகவே பிறந்தாலும், "வேறொருத்தியைக் கொண்டுவருவேன்" என்பான் கணவன். மாமியார் அதனை வழிமொழிவாள். தாய்வீட்டாரோ, "பொறுத்துப் போ அம்மா, அவர் வேறொருத்தியைத் தேடிக்கொண்டால் உன் கதி என்னாவது?" என்பர். அன்று முதல் விழும் அடியை அவள் வெளியிற் சொல்லாள். இளையாள் வாராமலே போகலாம். அச்சம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். அவ்வீட்டை 1.4 என்னும் எண் அறியாது.

"மூத்தாளே சம்மதித்துத்தான் மணம் நடந்தது" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். இந்துச் சட்டத்தில் அச்சம்மதத்திற்கு யாதொரு மதிப்புமில்லை என்பது நிற்க. உண்ணுஞ் சோறும் உறையும் வீடும் கணவன் கையிலிருக்க, மறுத்தால் இரண்டையும் இழப்பேன் என்றஞ்சுபவள் தலையசைத்தலைச் சம்மதம் எனல் தகுமோ? பின்னர் அவள் வாய்திறந்தால், "நீதானே ஒப்பினாய்" என்று மீண்டும் அடி.

சட்டத்தை நாடுவாளாயினும் வழி எளிதன்று. இரண்டாம் மணம் உரிய சடங்குகளோடு நடந்ததென்று மெய்ப்பித்தல் வேண்டும் என 1965-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கோ ஓர் ஊரில் மறைவாக நடந்த மணத்திற்கு இவள் எவரைச் சாட்சியாக அழைப்பாள்? கணவன் பக்கத்தாரையா? இளையாள் நிலையும் இரங்கத்தக்கதே. அவள் சட்டப்படி மனைவியல்லள். ஆதலின் அவளை அடித்துத் துரத்துவது அவனுக்கு இன்னும் எளிது. இருவரும் ஒருவரையொருவர் பகைத்திருக்கும்வரை அவனை எவரும் வினவார்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்வகையில் நுண்ணியது. பிள்ளையில்லை, ஆண்பிள்ளையில்லை என்று இழித்துரைப்பதையும் அது வன்முறை என்றே எண்ணுகின்றது. வீட்டில் தங்கும் உரிமையையும் மனைவிக்குத் தருகின்றது. ஆகவே இரண்டாம் மாலை தொடுக்கப்படும்வரை அவள் காத்திருக்க வேண்டுவதில்லை. மிரட்டலும் இழிவுரையும் தொடங்கிய காலத்திலேயே பாதுகாப்பு அலுவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ முறையிடலாம். தாய்வீட்டார் அவளுக்குப் பொறுமை கூறுமுன் இதனைக் கூறியிருக்கலாம்.