மழையில் வீங்கும் கதவு

புரோத்ராபூர் என்றதும் அந்தமானில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாவட்டச் சிறை. போன ஆடி மாதம் என் வீட்டிலும் ஓர் அறை சிறையானது. உள்ளே இருந்தது அம்மா.

எழுபத்தாறு வயது. ஹாலில் படுத்தால் வருவோர் போவோர் கண்ணில் படுகிறது, தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று கேட்டதே அவர்தான். பங்குனியில் மாட்டினோம். நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தபால் அட்டைகூட நுழையாது. ஆசாரியின் வேலைத்திறனை மெச்சி விருந்தினர்களிடம் திறந்து மூடிக் காட்டினேன்.

அங்கேதான் தப்பு. ஈரத்தைக் குடித்தால் மரம் விரியும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் ஊதும். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றே நனைந்திருக்கும். பங்குனி வெயிலில் அளவெடுத்த கதவு ஆடியில் நிலையைக் கவ்விக்கொண்டது. உள்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு; அம்மாவின் கையில் வலு இல்லை. தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் தோளால் முட்டித் திறக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவர் அழவில்லை. "விளக்கைப் போட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றார்.

மரத்துக்குப் பேர்போன தீவில் இப்படியா என்று கேட்கலாம். 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை பக்கத்தில்தான். ஆனால் 2002 மே 7-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு மரம் வெட்டுவது உள்ளூர்த் தேவை அளவுக்குச் சுருங்கியது. அது நியாயம்; காடு மிஞ்ச வேண்டும். படாக் மரம் ஈரத்துக்கு அதிகம் அசையாது, விலைதான் எட்டாது. நான் வாங்கியது கர்ஜன். நன்றாகக் காய வைக்காவிட்டால் ஆட்டம் காட்டும்.

உடனே சீவிவிடச் சொன்னேன். ஆசாரி இழைப்புளியைத் தொடவே இல்லை. "இப்ப சீவினா மாசியில கை நுழையுற சந்து விழும் சார். கழட்டி வச்சிடுவோம்" என்றார். கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது: முகப்புக்கு இரண்டு கை பெயின்ட், அடிவிளிம்புக்கு ஒன்றுமே இல்லை. கண்ணுக்குப் படாத இடம்தானே! மேலும் கீழும் வெட்டுவாயாக இருக்கும் அந்த விளிம்புகள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. கதவு மாட்டுகிறவர்கள் நிலையில் ஏற்றுமுன் அதைக் குப்புறப் போட்டு ஆறு பக்கமும் பூசச் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதம் பழைய வேட்டிதான் திரை. உள்ளே போகுமுன் தொண்டையைக் கனைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பேரன் சில நாள் வேண்டுமென்றே தெருவிலிருந்தே கனைத்துக்கொண்டு வருவான்.

தை பிறந்ததும் விளிம்பைச் சீவி, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடம் விட்டோம். எல்லா விளிம்புக்கும் பெயின்ட். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி நிலையின் பள்ளத்தை மாற்றினோம்; இதற்கு மட்டும் தனிக் கூலி. கீலின் ஆணியை வெளியிலிருந்தே உருவலாம். தாழ்ப்பாளை அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது கதவு விரல் பட்டால் திறக்கிறது. ஆனாலும் இரவில் அம்மா அதை முழுதாகச் சாத்துவதில்லை. கீழே ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.