பொருத்தம் பார்க்கும் அட்டை

நெய்வேலியில் எங்கள் வட்டத்துப் பெண் ஒருத்திக்கு நிச்சயம் நின்றுபோனது. அவள் நோயாளி அல்ல. தலசீமியா மரபணு ஒன்றைச் சுமப்பவள். கணினியில் ஏறிய ரத்தப் பரிசோதனை முடிவு மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போனதென்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் ரத்தத்தையும் கேட்கவில்லை. இருவரும் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும், அதுவும் நான்கில் ஒரு வாய்ப்பு. பழி மட்டும் அவளுக்கு.

2023 ஜூலையில் தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தின் இலக்கு 7 கோடிப் பேர். தமிழ்நாடும் அதில் உண்டு. பரிசோதித்து அட்டை தருகிறார்கள், திருமணத்துக்கு முன் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். (ஜாதகத்தையாவது மாற்றி எழுதிவிடலாம்.) பரிசோதனையை நான் எதிர்க்கவில்லை. அட்டை யார் கைக்குப் போகிறது என்பதே என் சண்டை.

2018 தரவுப் பாதுகாப்பு மசோதா வரைவு மரபணுத் தகவலைக் கூடுதல் காவல் தேவைப்படும் வகையில் வைத்தது. 2023 சட்டத்தில் அந்த வகையே இல்லை. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது செல்லாதென்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. சரி, காப்பீட்டு நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றலாம். மாப்பிள்ளை வீட்டாரை?

தன் கோப்பை யார், என்றைக்குத் திறந்தார்கள் என்பதை அவள் தமிழில் பார்க்க முடிய வேண்டும். அவளைக் கேட்காமல் திறந்தவர் பதில் சொல்ல வேண்டும்.