சத்தியமா யாரும் சொல்லலடா!

போன மாசம் பெரியப்பா வீட்டுல ஒரே களேபரம். டயாலிசிஸ் ஆரம்பிச்சு மூணு மாசம் ஆன மனுஷன், வெயில் தாங்கலைன்னு ரெண்டு இளநீரை உள்ளே தள்ளிட்டார். பொட்டாசியம் ஏறி, ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "படிச்சுப் படிச்சு சொன்னோமே, பெரியவர் கேட்டாத்தானே" என்று அங்கே ஒரே திட்டு. பெரியப்பா என்னைப் பார்த்து, "சத்தியமா யாரும் சொல்லலடா" என்றார். 35 வருஷம் கணக்கு வாத்தியார். பொய் சொல்ற ஆள் இல்லை.

எப்போ சொன்னாங்கன்னு விசாரிச்சேன். டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது, மூணாவது மணி நேரத்துல!

கோளாறே அங்கதாங்க. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா தேடிப் படிச்சதில் தூக்கிவாரிப்போட்டது. 2006இல் அமெரிக்காவில் 55 வயதுக்கு மேற்பட்ட 338 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்தார்கள். நினைவு, சிந்தனை எல்லாம் சரியாக இருந்தவர்கள் சுமார் 13 சதவீதம்தான். ஆனால் மருத்துவக் குறிப்பில் இந்தப் பிரச்னை பதிவாகியிருந்தது 3 சதவீதம் பேருக்குத்தான்! அதே குழு அடுத்த வருஷம் சொன்னது: மூளை ரொம்ப மந்தமாக இருப்பது மெஷின் ஓடும் நேரத்தில், தெளிவாக இருப்பது ஆரம்பிக்கும் முன்பும் மறுநாளும். நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சும்போது மூளைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. 2018இல் நெதர்லாந்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், சராசரியாக 10 சதவீதம் குறைந்திருந்தது.

இதுக்காக டயாலிசிஸே வேண்டாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. அது இல்லேன்னா உயிரே இல்லை. ரத்தத்தில் கழிவு தேங்கினாலும் மூளை மங்கத்தான் செய்யும்.

நான் கேட்பது சின்ன விஷயம். முக்கியமானதை ஊசி குத்தும் முன்பே சொல்லுங்க. தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. வீட்டு ஆள் ஒருத்தரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஞாபகசக்தியையும் சோதிங்க. நர்ஸுகளுக்கு வேலை கழுத்தை நெரிக்குதுன்னு தெரியும். ஆனா ராத்திரி எமர்ஜென்சியைவிட ஒரு தாள் மலிவுதானே?

இப்போ பெரியப்பா வீட்டு ஃப்ரிட்ஜில் நான் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கேன். முதல் வரி, இளநீர் கூடாது. அதில் இருந்த ஒரு எழுத்துப்பிழையை வாத்தியார் சிவப்பு மையில் திருத்தி வெச்சிருக்கார் :-)

உங்க வீட்டிலும் யாராவது டயாலிசிஸில் இருந்தா, "சொன்னா கேக்கிறதில்லை"ன்னு திட்டுறதுக்கு முன்னாடி, எப்போ சொன்னீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.