பரிசை மறுத்தார்! பரிசை இழந்தார்!

லண்டன் நகரில் 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விழா நடந்தது. உலகப் புகழ் பெற்ற சோனி போட்டோ போட்டியின் பரிசளிப்பு விழா அது. ஒரு பிரிவில் ஜெர்மனியைச் சேர்ந்த போரிஸ் எல்டாக்சன் என்பவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டு இருந்தது.

அவர் பரிசை வாங்க மறுத்து விட்டார்!

காரணம் என்ன? அவர் அனுப்பியது இரண்டு பெண்களின் கறுப்பு வெள்ளைப் படம். பார்த்தால் பழைய காலத்துப் போட்டோ போலவே இருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் உலகில் எங்குமே இல்லை. செயற்கை அறிவு கொண்ட கம்ப்யூட்டர் உருவாக்கிய படம் அது. இப்படிப்பட்ட படம் வந்தால் சமாளிக்கப் போட்டிகள் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கவே அனுப்பியதாக அவர் சொன்னார்.

தலை இல்லாத பறவை

அடுத்த ஆண்டு கதை தலைகீழாக நடந்தது.

"1839 விருது" என்று ஒரு போட்டி. போட்டோக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அந்தப் போட்டியில் கம்ப்யூட்டர் படங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 2024-ல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் அந்தப் பிரிவுக்கு ஒரு படம் அனுப்பினார். கடற்கரை மணலில் ஒரு பூநாரை நிற்கிறது. உடல் இருக்கிறது. கால்கள் இருக்கின்றன. தலையைக் காணோம்!

நடுவர்கள் அதற்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். மக்கள் ஓட்டிலும் அது வெற்றி பெற்றது. பிறகுதான் உண்மை வெளியாயிற்று. அது காமிராவில் எடுத்த அசல் போட்டோ! அருபா தீவில் எடுத்தது. பறவை தலையை வளைத்து வயிற்றைச் சொறிந்து கொண்டு இருந்தது. அவ்வளவுதான். பரிசு ரத்து ஆயிற்று.

பொய் மெய்யாகத் தோன்றியது. மெய் பொய்யாகத் தோன்றியது. பார்த்தவர்கள் அனுபவசாலிகள். ஆனாலும் ஏமாந்தார்கள்.

விசாரிக்க வேண்டும்

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் சாதாரண மனிதர். விடியற்காலையில் எழுந்து, ஏரிக்கரையில் காத்துக் கிடந்து ஒரு படம் எடுக்கிறார். "இது மெஷின் செய்ததுதானே?" என்று ஒருவர் கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்!

காமிராவில் எடுத்தது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 2017-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் வனவிலங்குப் போட்டியில் ஓர் எறும்புத்தின்னிப் படம் பரிசு பெற்றது. படத்தில் இருப்பது உயிருள்ள விலங்கு அல்ல, பாடம் செய்து வைத்த உடல் என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். 2018-ல் பரிசு பறிக்கப்பட்டது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. போட்டோவுக்கும் அதுவே பொருந்தும்.

பழைய வழியே நல்ல வழி

லண்டனில் 1853-ல் போட்டோச் சங்கம் தோன்றியது. பம்பாயில் 1854-ல் தோன்றியது. சென்னையிலும் அந்தப் பத்தாண்டுக்குள் சங்கம் வந்து விட்டது. இத்தகைய சங்கங்களில் உறுப்பினர்கள் தங்கள் படங்களைக் கொண்டு வந்து காட்டுவார்கள். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தது? தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்தது போல் இருக்கிறதே, ஓரடி தள்ளி நின்றிருக்கக் கூடாதா?

எடுத்தவர் பதில் சொல்வார். எடுக்காதவர் திணறுவார்.

பெரிய போட்டிகளில் பெரும்பாலும் எடுத்தவர் பெயரை நடுவர்களுக்குச் சொல்வது இல்லை. பாரபட்சம் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அது நல்லதுதான். ஆனால் அங்கே கேள்வி கேட்க வழி இல்லை. அதனால் பரிசு கொடுக்கும் முன் காமிராவில் முதலில் பதிந்த மூலப் பதிவைப் பல போட்டிகள் கேட்கின்றன. பிலிம் காலத்தில் நெகட்டிவ் போன்றது அது. எடுத்த விவரத்தைப் படத்தோடு முத்திரையாகப் பதிக்கும் காமிராவை லைக்கா கம்பெனி 2023-ல் வெளியிட்டது.

வீட்டுப் பிள்ளைகளும் இப்போது செல்போனில் படம் எடுக்கிறார்கள். "பிரமாதம்" என்று சொல்லி விட்டுவிட வேண்டாம். "எங்கே நின்று எடுத்தாய்? எவ்வளவு நேரம் காத்திருந்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை ஆசையோடு சொல்லும். அடுத்த படம் இன்னும் நன்றாக வரும்.