பதக்கத்தோடு பிழைப்பையும் பறிப்பதா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிற புதுக்கோட்டை நம் ஊர். மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு. ஊர் இரண்டானாலும் உழைப்பாளியின் வயிறு ஒன்றுதான். அந்தப் புதுக்கோட்டைச் சீமையில், கத்தக்குறிச்சியில் பிறந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் கதையை நம் மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர்கள் அவருடைய தாய் தந்தையர். அந்த வீட்டுப் பெண் ஓடினார். 2005இல் ஆசிய சாம்பியன் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிஷம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி வாங்கினார். தேசமே கைதட்டியது.

கைதட்டல் அடங்குவதற்குள் 'பால் சோதனை' என்றார்கள். தோற்றுவிட்டார் என்றார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரும் அவரும் மட்டுமே அறிந்திருக்க வேண்டிய சங்கதி பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. ஓட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 25.

மாநில அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதை நாம் மறைக்கவில்லை. பயிற்சியாளர் வேலையும் கொடுத்தது. ஆனால் என்ன வேலை? ஒப்பந்த வேலை! ஒப்பந்த வேலை எப்படிப்பட்டதென்று நம் மில் தோழர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமா? 2012இல் ஆசியாவின் வெள்ளி வீராங்கனை தினம் 200 ரூபாய்க்குச் சூளையில் செங்கல் சுமந்தார். பெற்றோர் நின்ற அதே இடத்தில் மகளும் வந்து நின்றார்!

"விதி விதிதானே" என்பார்கள் சிலர். நாம் கேட்கிறோம்: 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவும் இதே 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்று இதே சோதனைக்கு ஆளானார். அவருடைய நாடு அவரைக் கைவிடவில்லை. அவருடைய தங்கமும் போகவில்லை. நம் சாந்திக்காக வாதாட டில்லியில் ஒரு அதிகாரிக்கும் ஏன் வாய் வரவில்லை? கேட்பாரற்ற ஏழை வீட்டுப் பெண் என்பதால்தானே?

சாந்தி சோர்ந்துவிடவில்லை. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016இல் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக்கியது. நல்லதுதான். ஆனால் அதற்குப் பத்து வருஷம் ஆயிற்று!

பதக்கம் வாங்கும் வரை 'நாட்டின் மகள்', பறிபோனால் சூளைக்காரி. இது என்ன நியாயம்? மைதானத்தில் வியர்வை சிந்துகிறவரும் தொழிலாளிதான். ஆகவே நாம் கோருகிறோம்: சாந்தியின் பதக்கத்தைத் திருப்பித் தர மத்திய சர்க்கார் வாதாட வேண்டும்! விளையாட்டுப் பயிற்சியாளர்களை ஒப்பந்தத்தில் வைத்து வாட்டும் முறை ஒழிய வேண்டும்! ஓடி ஓய்ந்தவர்களுக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் வேண்டும்!

நம் உப்பளத் தெருக்களிலும் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை அவர்களுக்கும் இந்தக் கதி வராதிருக்க, இந்தக் கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தம் கோரிக்கைகளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.