மரம் பேசக் கூடாதா, ஐயா?

போன வருடக் கடைசியில் சிரம்பானில் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். என் கதையைப் படித்துவிட்டு வந்திருந்த மூத்த எழுத்தாளர் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர், என் பிழைகளை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர்) எல்லார் முன்னாலும் சொன்னது இது:

"தம்பி, நீ தோட்டத்துப் பையன். தோட்டத்த எழுது. மங்கு பேசுது, மரம் கேக்குதுன்னு எழுதினா சின்னப்புள்ளைங்க கதையாப் போயிரும். அந்தப் பையன வெளிய நின்னு பாரு. படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கணும்."

அன்றைக்குச் சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பதில் எப்போதும் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். இப்போது வந்திருக்கிறது.

முதலில் அந்தப் பையன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பகாவ் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், என் சின்ன வயதிலேயே கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் பழைய மரங்கள் நின்றன. எங்கள் லயத்தில் ஓர் அண்ணன் இருந்தார். பேசமாட்டார். காலி மங்கு ஒன்றை எடுத்துவந்து வாசற்படியில் சுற்றிவிடுவார், அது ஆடி ஆடி நிற்கும்வரை பார்ப்பார், மறுபடி சுற்றுவார். கிழவிகள் 'முனி அடிச்சிருச்சு' என்றார்கள். பிள்ளைகள் நாங்கள் 'லூசு' என்றோம். நானும்தான் சொன்னேன். பிறகு தோட்டம் கைமாறி, லயம் உடைபட்டு, ஆளுக்கொரு தாமானாகப் போய்விட்டோம். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஏடிஎச்டி என்று டாக்டர் சொன்னது 26 வயதில். அதுவரை நான் 'பராக்குப் பார்க்கிறவன்'. இப்போது செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. மூன்று அலாரம் வைத்துக்கொண்டு பிழைப்பு ஓடுகிறது. அந்த அண்ணனின் நிலையும் என் நிலையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அதற்குப் பிறகுதான், மூளை வேறு மாதிரி வேலை செய்கிறவர்கள் எழுதிய புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். முதலில் கையில் கிடைத்தவர் டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய்.

டிட்டோ 1989இல் பிறந்தவர். வங்காளிக் குடும்பம், வளர்ந்தது மைசூரிலும் பெங்களூரிலும். கடுமையான ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. அம்மா சோமா எழுத்துப் பலகையில் எழுத்துகளைத் தொடச் சொல்லிக்கொடுத்தார். பென்சிலை விரலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எழுதப் பழக்கினார். (பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளை நான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.) எட்டு வயதிலிருந்து பதினொன்றுக்குள் அவன் எழுதியவற்றை 2000இல் பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் 'பியாண்ட் தி சைலன்ஸ்' என்று புத்தகமாகப் போட்டது. அமெரிக்காவில் 2003இல் 'தி மைண்ட் ட்ரீ' என்ற பெயரில் வந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தன் குழந்தைப் பருவத்தைச் சொல்லும்போது டிட்டோ 'நான்' என்று எழுதவில்லை. 'அந்தப் பையன்' என்கிறான், 'அவன்' என்கிறான். மின்விசிறி சுற்றும்போது தனித்தனி இறக்கைகள் சேர்ந்து ஒரே வட்டமாவதைப் பார்த்து அவனும் சுற்றுகிறான். சுற்றினால்தான் உடம்பின் பாகங்கள் ஒன்றாக இருப்பது போலத் தெரிகிறது. இதை எழுதும்போதும் 'அவன்'தான். அதே புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. மனம் கொடுக்கப்பட்ட மரம் ஒன்று. கண் கிடையாது, வாய் கிடையாது, தன்னைச் சுற்றி நடப்பதையெல்லாம் உணர்ந்துகொண்டு நிற்கிறது. அந்த மரம்தான் 'நான்' என்று பேசுகிறது.

நடந்த கதையில் அவன் மூன்றாம் ஆள். நடக்காத கதையில்தான் அவனுக்குத் தன்மை கிடைக்கிறது. டாக்டர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவனை வெளியே நின்று பார்த்துப் பார்த்து, அவனே தன்னை வெளியே நின்று பார்க்கப் பழகியிருந்தான் என்று நான் படிக்கிறேன். உள்ளே போக ஒரு மரம் தேவைப்பட்டது. ஐயா, இதைத்தான் நீங்கள் சின்னப்புள்ளைங்க கதை என்றீர்கள். எழுதியவன் சின்னப் பிள்ளைதான், அது வேறு விஷயம்.

டிட்டோ பேரைச் சொன்னதும் ஒருவர் கையைத் தூக்குவார்: எழுதினது அவனா, அம்மாவா? நியாயமான கேள்வி. சோமா பின்னாளில் மற்றப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம் 2018இல் அறிவித்தது. பலகையைப் பிடித்திருப்பவரின் சொல்லே பிள்ளையின் சொல்லாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. டிட்டோ தன் கையால் எழுதுவதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். இலக்கியப் பேராசிரியர் ரால்ஃப் சவரீஸ் அவரோடு ஸ்கைப்பில் 'மோபி டிக்' முழுவதையும் சேர்ந்து வாசித்து, அந்த அனுபவத்தை 2018இல் புத்தகமாக்கினார். முடிவை நீங்களே படித்து எடுங்கள். என் கேள்வி வேறு. இந்தச் சந்தேகத்தை நாம் ஏன் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறோம்? நாளைக்கே நான் அந்த அண்ணனை வெளியே நின்று பார்த்து, 'அவன் கண்களில் சொல்ல முடியாத சோகம்' என்று எழுதினால், அது அவர் சோகமா என் சோகமா என்று பட்டறையில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கைதட்டுவார்கள்.

தமிழில் யாருமே எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' ஆட்டிசம் உள்ள பையனை மையமாக வைத்த நாவல். அவரே அப்படி ஒரு பிள்ளைக்குத் தகப்பன், விழிப்புணர்வுக்காகப் பல வருடம் உழைத்தவர். சிறார் நாவலுக்குச் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கியவர். அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் தகப்பன் எழுதினான், தாய் எழுதினாள், டீச்சர் எழுதினார். அந்தப் பிள்ளை வளர்ந்து எழுதினால் எந்த வடிவத்தில் எழுதும் என்று நாம் யோசித்ததே இல்லை. யதார்த்தத்தில்தான் எழுதும் என்று முடிவு கட்டிவிட்டோம். யாருடைய யதார்த்தம்?

மலேசியாவில் இந்த முடிவு இன்னும் இறுக்கம். எங்கள் தோட்ட இலக்கியம் யதார்த்தத்தில் வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. 'சயாம் மரண ரயில்' போன்ற நாவலை ஆர். சண்முகம் எழுதாமல் போயிருந்தால், செத்துப்போன அத்தனை பேருக்கும் நம் மொழியில் என்ன சாட்சி இருந்திருக்கும்? அந்தக் கடன் எனக்குத் தெரியும். ஆனால் கடன் வேறு, வேலி வேறு. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு முனி குதிரையில் போனதும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதும் ஒரே விடியற்காலைச் சம்பவங்கள்தான். ம. நவீனின் 'பேய்ச்சி' அந்த மண்ணைத் தொட்டது. அதை உள்துறை அமைச்சு 2020இல் தடை செய்தது வேறு காரணத்துக்கு. கே. பாலமுருகன் சிறுவர்களுக்கு மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும் கொடுத்தார். ஆனால் பெரியவர்களுக்கு என்று ஒருவன் மிகைபுனைவு எழுதினால் உடனே 'தப்பித்தல்' என்கிறோம்.

இதே கேள்வியை ஆக்டேவியா பட்லரிடமும் கேட்டார்கள். கறுப்பின மக்களுக்கு அறிவியல் புனைவால் என்ன பிரயோஜனம் என்று. 1947இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். அம்மா வீட்டு வேலைக்காரி. வேலை செய்த வீடுகளில் தூக்கிப்போட்ட புத்தகங்களை மகளுக்கு எடுத்துவருவார். (துரை பங்களாவிலிருந்து பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் எங்கள் லயத்துக்கும் வந்தன. பலகாரம் மடிக்க.) பட்லருக்கு டிஸ்லெக்சியா இருந்தது. பிள்ளையாக இருந்தபோது 'டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்' என்ற சுமாரான படத்தைப் பார்த்து, இதைவிட நல்லா நான் எழுதுவேன் என்று ஆரம்பித்தார். பாத்திரம் கழுவினார், போனில் சாமான் விற்றார், உருளைக்கிழங்கு சிப்ஸ் சோதிக்கும் வேலை பார்த்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு அந்த வேலைகளுக்குப் போனார். 1993இல் வந்த 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நாவலின் லாரன், பக்கத்தில் இருப்பவர் வலியைத் தன் உடம்பில் உணர்கிற பெண். அது அவளுக்கு வரம் இல்லை. சண்டையில் எதிரி அடிபட்டால் இவளும் சேர்ந்து விழுகிறாள்.

அதனால்தான் ரிக் ரியோர்டனைவிட பட்லர் எனக்கு நெருக்கம். தன் மகனுக்கு ஏடிஎச்டியும் டிஸ்லெக்சியாவும் இருந்ததால் பெர்சி ஜாக்சனை உருவாக்கினார் ரியோர்டன். அதில் எழுத்து குழம்புவதற்குக் காரணம், மூளை பண்டைய கிரேக்கத்துக்காக அமைந்திருப்பது. துறுதுறுப்பு போர்க்களத்துக்கானது. 14 வயதில் படித்து ஆகாயத்தில் பறந்தேன், மறுக்கமாட்டேன். ஆனால் நைட் ஷிப்டில் ஒரு சோதனைப் பட்டியலில் நான்காவது வரியை விட்டுவிட்டு மேனேஜர் முன்னால் நிற்கும்போது, சார், எனக்குள்ள கிரேக்கம் ஓடுதுன்னு சொல்ல முடியாது லா. பரிதாபம் வேண்டாம் என்றால் பறக்கும் சக்திதான் வேண்டும் என்று இல்லை. சும்மா சுற்றுகிற ஒரு மங்கு போதும்.

அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன், ஐயா. நீங்கள் சொன்ன பிழைகளைத் திருத்திவிட்டேன். நடுவில் இழுவையாக இருந்த இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டேன், அதில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மங்கு இன்னும் 'நான்' என்றுதான் பேசுகிறது. படியில் சுற்றிக்கொண்டே அந்த அண்ணனின் முகத்தைக் கீழேயிருந்து பார்க்கிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அடுத்த பட்டறைக்குக் கொண்டுவருகிறேன்.